ஆர்எக்ஸ் 100-க்கும் பல்லைப் பிடிச்சுப் பாருங்க

ஞாயிற்றுக்கிழமை ஆனா போதும், எங்க ஊருக்கு விருந்தாளிங்க வந்துடறாங்க. படப்பை தாண்டி உள்ளே போகணும் நம்ம ஊருக்கு. டீக்கடை வாசல்ல வண்டிய நிறுத்தி, ஹெல்மெட்டைக் கூட கழட்டாம கேக்குறது ஒரே கேள்விதான்: "அண்ணே, இங்க யார் வீட்லயாவது பழைய ஆர்எக்ஸ் 100 சும்மா கெடக்குதா?"

சும்மா கெடக்குதாம்! எங்க ஊர்ல எதுவும் சும்மா கெடக்காது தம்பி. தேஞ்ச டயரு கன்னுக்குட்டிக்குத் தொட்டியாகும், உடைஞ்ச ஏர் வேலிக்கு முட்டாகும். போன வருஷம் அப்படி வந்த ரெண்டு பேர், கிழக்குத் தெரு பெரியவர்கிட்ட பதினஞ்சாயிரத்தைக் கையில குடுத்து ஒரு வண்டிய ஓட்டிட்டுப் போனாங்க. மூணு மாசம் கழிச்சு அதே வண்டி பெயிண்ட் பளபளக்க போன்ல வந்துது. விலை ஒரு லட்சத்துக்கு மேல. பெரியவர் அந்தப் படத்தைக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பாத்துட்டு, "இதுல பின்னாடி நான் வச்சிருந்த கேரியர் எங்கடா?"ன்னு மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விதான் இன்னைக்கு நான் எழுத வந்த விஷயம். கேரியர் எங்க போச்சு?

இதை எழுத வச்சது எங்க அக்கா மகன். அக்கா குடும்பம் பல்லாவரத்துல இருக்கு. அக்கா நாகல்கேணி பக்கம் ஒரு தோல் கம்பெனியில வேலை பாக்குது. பையன் சாப்பாடு டெலிவரி பண்றான். காலையில பத்து மணிக்குக் கிளம்பினா ராத்திரி பன்னெண்டு வரைக்கும் குரோம்பேட்டை, பம்மல், ஜிஎஸ்டி ரோடுன்னு சுத்துற பொழப்பு. அவனுக்குத் திடீர்னு ஆர்எக்ஸ் 100 ஆசை வந்துடுச்சு. விலை ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அக்கா ரெண்டு வருஷமா கட்டின சீட்டு அப்பதான் முடிஞ்சிருந்தது.

"தம்பி, நீ ஒரு தடவை வந்து வண்டியப் பாத்துட்டு போயேன்"னு அக்கா போன் பண்ணுச்சு. ஒரு வெள்ளிக்கிழமையா பாத்துப் போனேன். வெள்ளிக்கிழமைன்னா பழைய டிரங்க் ரோட்டுல பல்லாவரம் சந்தை. செடி, கோழிக்குஞ்சு, பழைய கட்டில், செத்த கம்ப்யூட்டர், உயிரோட இருக்கிற மோட்டார்னு எல்லாம் கிடைக்கிற இடம். அந்தக் காலத்துல அது மாட்டுச் சந்தையா இருந்ததுன்னு பெரியவங்க சொல்வாங்க. அங்க நடந்துக்கிட்டே மருமகன்கிட்ட ஒரு கேள்வி கேட்டேன்.

"ஏன்டா, மாடு வாங்கப் போனா முதல்ல என்ன கேப்பாங்க?"

"விலை கேப்பாங்க மாமா."

இல்ல. முதல்ல வாங்க வந்தவன் தன்னைத்தானே கேட்டுக்குவான்: எந்த வேலைக்கு? உழவுக்கா, பாரம் இழுக்கவா, பந்தயத்துக்கா? அப்புறம் பல்லைப் பிடிச்சு வயசு பாப்பான். சுழி பாப்பான். நடக்க விட்டுப் பாப்பான். கடைசியிலதான் துண்டைப் போட்டு, அதுக்குள்ள கை விட்டு விலை பேசுறது. உழவு மாட்டை ரேக்ளாவுல பூட்டுறவன் முட்டாள். ரேக்ளா காளையை ஏர்ல பூட்டுறவன் அதைவிடப் பெரிய முட்டாள்.

அந்த ரெண்டாவது முட்டாள் நான்தான். அதனாலதான் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

கொஞ்சம் பழைய கதை. எண்பதுகளோட ஆரம்பம் வரைக்கும் நமக்கு மோட்டார் பைக்னா திருவொற்றியூர்ல செஞ்ச புல்லட், மைசூர்ல செஞ்ச ஜாவா, எஸ்டி, அப்புறம் பழைய ராஜ்தூத். அதுக்கப்புறம்தான் அரசாங்கம் ஜப்பான் கம்பெனிகளோட கூட்டுச் சேர விட்டுது. 1984-ல நம்ம ஓசூர்லேர்ந்து இண்ட் சுசுகி வந்தது. 1985-ல ஹீரோ ஹோண்டா சிடி 100. அதே வருஷக் கடைசியில எஸ்கார்ட்ஸ் கம்பெனியோட சேர்ந்து யமஹா ஆர்எக்ஸ் 100. அடுத்து பஜாஜோட சேர்ந்து கவாசாகி கேபி 100. நாலும் 100 சிசி வகையறா. நாலும் ஜப்பான் மூளை. ஆனா நாலும் ஒரே மாடு கிடையாது.

ஆர்எக்ஸ் 100-க்கு 98 சிசி, 11 குதிரை சக்தி. சிடி 100-க்கு 97 சிசி சொச்சம், சக்தி 7 பக்கம்தான். ஏறக்குறைய ஒரே அளவு இன்ஜின்ல ஏன் இந்த வித்தியாசம்? ஆர்எக்ஸ் டூ ஸ்ட்ரோக். கிராங்க் ஒரு சுத்து சுத்துறதுக்கு ஒரு தடவை வெடிக்கும். சிடி ஃபோர் ஸ்ட்ரோக். ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை. அதனால டூ ஸ்ட்ரோக் துள்ளும். ஆனா அந்தத் துள்ளலுக்கு விலை இருக்கு. நீங்க போட்ட பெட்ரோல்ல ஒரு நல்ல பங்கு எரியாமலே சைலன்சர் வழியா வெளியே போயிடும். கூடவே 2டி ஆயிலும் எரிஞ்சு புகையாகும். நகரத்து நண்பர்கள் நெஞ்சு நிறைய இழுத்து "ஆஹா, டூ ஸ்ட்ரோக் வாசனை"ன்னு சொல்றாங்களே, அது அவங்க பாக்கெட்லேர்ந்து போற காசோட வாசனை.

நான் 1991-ல ஒரு செகண்ட் ஹேண்ட் இண்ட் சுசுகி வாங்கினேன். விடிகாலை மூணரைக்குக் கீரைக் கட்டு ஏத்தி, முடிச்சூர் வழியா தாம்பரம் மார்க்கெட். சில நாள் பல்லாவரம் வரைக்கும். அந்த வண்டி அழகு கிடையாது. ஆனா முனகாம இழுக்கும். அதோட வாரிசா பின்னாடி வந்த சுசுகி மேக்ஸ் 100-ஐ எங்க பக்கம் பால்காரர் வண்டின்னே சொல்வோம். ரெண்டு பக்கமும் பால் கேன் மாட்டிக்கிட்டு மண் ரோட்டுல போகும். இதெல்லாம் வண்டி மாடு. பாரம் இழுக்கப் பொறந்தது.

எனக்கு அது போதாம போச்சு. வயசு அப்படி. 1994-ல சுசுகியைத் தள்ளிட்டு ஆர்எக்ஸ் 100 எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த வண்டி மாதிரி ஒண்ணை இதுவரைக்கும் ஓட்டினதில்ல. நூறு கிலோ சொச்சம் எடை. கையைத் திருப்பினா நீங்க நினைக்கிறதுக்கு முன்னாடியே அங்க இருக்கும். ஆனா அதோட சக்தி எல்லாம் இன்ஜின் வேகம் மேலே ஏறினப்புறம்தான் மொத்தமா வரும். ஒத்தை ஆளா நல்ல ரோட்டுல போறப்ப அது சுகம். பின்னாடி அறுபது கிலோ கீரை இருக்கிறப்ப?

ஒரு நாள் விடிகாலை, முடிச்சூர் பக்கம், மழை விட்ட ஈரம். ஒரு பள்ளத்துலேர்ந்து ஏத்தறதுக்கு ஆக்ஸிலேட்டரைத் திருப்பினேன். பாரம் முழுக்க பின் சக்கரத்துல. சக்தி மொத்தமா வந்த நேரத்துல முன் சக்கரம் தூக்கிடுச்சு. காரை எலும்பு உடைஞ்சு ஒன்றரை மாசம் படுத்தேன். அந்தப் போகம் கீரை வயல்லயே முத்திப் பூத்தது. தப்பு வண்டி மேல இல்ல. ரேக்ளா காளையை ஏர்ல பூட்டினவன் மேல. 2001-ல அதை 9,000 ரூபாய்க்கு வித்தேன். இன்னைக்கு விலை கேட்டா வயிறு எரியலையான்னு கேப்பீங்க. எரியல. அதுக்கப்புறம் வாங்கின ஸ்ப்ளெண்டர்தான் ரெண்டு பிள்ளைங்களைப் படிக்க வச்சது.

இப்ப நகரத்துல ஒரு வழக்கம் இருக்கு. பழைய ஜப்பான் வண்டிகளை வரிசையா நிறுத்தி, எது வேகம், எது சத்தம், எது கெத்துன்னு மார்க் போடுறது. அந்தப் பட்டியல்ல ஆர்எக்ஸ் 100 எப்பவும் முதல் ரேங்க். சிடி 100 கடைசி பெஞ்ச். "தாத்தா வண்டி"ன்னு சிரிப்பு வேற. நான் சொல்றேன், அந்தப் பரீட்சையே தப்பு. எந்த ஓட்டத்துக்குன்னு கேக்காம வண்டிக்கு ரேங்க் போடக் கூடாது. வாங்க, ஓட்டத்தை வச்சே பாப்போம்.

முதல்ல, தினப்படி ஓட்டம். பல்லாவரத்துலேர்ந்து கிண்டிக்குக் காலையில ஒன்பது மணிக்குப் போறீங்க. பத்தடி நகரணும், நிக்கணும். மீனம்பாக்கத்துல நிக்கணும், கத்திப்பாரா வரைக்கும் ஊரணும். இப்படி ஊர்ந்துக்கிட்டே போனா டூ ஸ்ட்ரோக்ல பிளக் கரி பிடிக்கும். பின்னாடி வர்ற ஸ்கூட்டர் அம்மா உங்க புகையைக் குடிக்கணும். நாப்பது கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர், அதுவும் நல்லா இருந்தா. என் ஸ்ப்ளெண்டர் இந்த வயசுலயும் அறுபதுக்குக் குறையல. இந்த ஓட்டத்துக்கு சிடி 100, இல்லன்னா அதே இன்ஜின் வம்சத்துல 1994-ல வந்த ஸ்ப்ளெண்டர். உழவு மாடு. நிதானம், தீனி கம்மி, தினமும் வேலைக்கு வரும். இதுல விவாதமே கிடையாது.

ரெண்டாவது, பாரம். ஃபோர் ஸ்ட்ரோக் ஆளா இருந்தாலும் ஒண்ணு ஒத்துக்கறேன்: மண் வழி, மேடு, பின்னாடி கனம்னா சிடி 100 மூச்சு வாங்கும். அதுக்கு சுசுகி மேக்ஸ்தான் சரி. ஆனா நீங்க சிட்லபாக்கத்துல அபார்ட்மெண்ட்ல இருந்துக்கிட்டு என்ன பாரம் ஏத்தப் போறீங்க? தண்ணி கேன்தானே?

மூணாவது, மலை. இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. ஏறும்போது டூ ஸ்ட்ரோக் ராஜா. இறங்கும்போது? கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுட்டு ஒரு தடவை இறங்கினோம். கூட வந்தவர் வண்டியில ஆயில் பம்பைக் கழட்டிட்டு, பெட்ரோல்லயே 2டி ஆயிலைக் கலந்து ஓட்டுற பழக்கம். நம்ம ஊர்ல பாதி டூ ஸ்ட்ரோக் இப்படித்தான் ஓடுது. இறக்கத்துல ஆக்ஸிலேட்டரை மூடினா பெட்ரோல் போகாது. பெட்ரோல் போகலைன்னா அதுல கலந்த ஆயிலும் போகாது. இன்ஜின் மட்டும் காய்ஞ்சு சுத்தும். பிஸ்டன் பிடிச்சு, பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கிச்சு. வளைவு தாண்டி நடந்ததால ஆள் பொழைச்சார். போதாததுக்கு, டூ ஸ்ட்ரோக்ல இன்ஜின் வண்டியைப் பிடிச்சு நிறுத்துறது கம்மி. மொத்தச் சுமையும் டிரம் பிரேக் மேலதான் விழும்.

நாலாவது, நெடுஞ்சாலை. செங்கல்பட்டு தாண்டி திண்டிவனம் ரோட்டுல பஸ்சும் லாரியும் போற வேகத்துல, அந்தக் காலத்து முன் விளக்கையும் டிரம் பிரேக்கையும் நம்பி ராத்திரி போறதுக்கு நான் எந்த 100 சிசி பழைய வண்டியையும் சொல்ல மாட்டேன். "அப்ப ராஜ்தூத் 350?"ன்னு ஒருத்தர் கேப்பார். 1983-ல வந்த யமஹா ஆர்டி 350-ன் நம்ம ஊர் வடிவம். 347 சிசி, ரெண்டு சிலிண்டர், ஆறு கியர், முப்பது குதிரை. வெளிநாட்டுல டிஸ்க் பிரேக்கோட வந்த வண்டிக்கு நம்ம ஊர்ல டிரம் பிரேக் மாட்டி வித்தாங்க. அது வாடிவாசல் காளை. கட்டிவச்சுப் பொங்கலுக்கு மாலை போடலாம். அவிழ்த்து விடத் தெரிஞ்சவன் ஊருக்கு ஒருத்தன்தான் இருப்பான்.

சரி, ஆர்எக்ஸ் 100-க்கு என்னதான் இருக்கு? இருக்கு. ஞாயிறு விடிகாலை, காலி ரோடு, தனி ஆள், முப்பது கிலோமீட்டர், நல்ல டயர், ஒழுங்கான பிரேக். அந்த ஒரு மணி நேரத்துக்கு அதை அடிச்சுக்க வண்டி கிடையாது. வேகம்தான் வேணும்னா எங்க ஊருக்குப் பக்கத்துலயே இருங்காட்டுக்கோட்டையில ரேஸ் டிராக் இருக்கு, அங்க ஓட்டுங்க. ஆனா வாரத்துக்கு ஒரு மணி நேரச் சந்தோஷத்தை, ஏழு நாளும் பொழப்புக்கு ஓட்டுறவன் தலையில கட்டாதீங்க.

ஏன்னா இந்த மோகம் உங்களோட நிக்கல. வண்டி வேணும்னு நீங்க லட்சம் குடுக்கிறதால, டெலிவரி பையனுக்கும் அதுதான் கௌரவம்னு ஆயிடுச்சு. ஸ்பேர் பார்ட்ஸ் விலை ஏறிடுச்சு. ஒரிஜினல்னு சொல்லிப் போலி விக்கிறாங்க. அதைவிட மோசம், திருட்டு இன்ஜின், அடிச்சு மாத்தின நம்பர்.

மருமகனோட பாக்கப் போன வண்டிக்கு வர்றேன். ஆள் பேரு வேணாம், ஊரு வேணாம். வண்டி பளிங்கு மாதிரி இருந்தது. ஒரே உதையில ஸ்டார்ட் ஆச்சு. மருமகன் முகத்தைப் பாக்கணுமே! நான் ஒரு துணியை எடுத்து, ஹேண்டில் கிட்ட சேசிஸ் நம்பரைத் துடைச்சேன். ரெண்டு எழுத்து மட்டும் கொஞ்சம் சாய்ஞ்சு, மத்ததைவிட ஆழமா இருந்தது. ஆர்சி புக்கைக் கேட்டேன். ஜெராக்ஸ் வந்தது. ஒரிஜினல் "ஃபைனான்ஸ்ல இருக்கு"ன்னு சொன்னார். 1996-லேயே நிறுத்தின வண்டிக்கு இன்னுமா ஃபைனான்ஸ்? பதிவைப் புதுப்பிச்சிருக்கான்னு கேட்டேன். பதினஞ்சு வருஷம் முடிஞ்சா எஃப்சி காட்டி, பசுமை வரி கட்டி, அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். "அதெல்லாம் யாரு சார் கேக்கப் போறா"ன்னார்.

யாரு கேப்பாங்களா? ஜிஎஸ்டி ரோட்டுல நிக்கிற போலீஸ் கேப்பாங்க. விபத்துன்னு ஒண்ணு நடந்தா இன்சூரன்ஸ்காரன் கேப்பான். அந்த இன்ஜின் எவன் வீட்டு வாசல்லேர்ந்து காணாமப் போச்சோ அவன் கேப்பான். பதில் சொல்ல வேண்டியது நாகல்கேணியில தோல் நாத்தத்துல நின்னு சீட்டு கட்டின எங்க அக்கா.

வாங்கல. திரும்பி வந்தோம். மருமகன் ரெண்டு வாரம் என்கூடப் பேசல.

அவன்கிட்ட அன்னைக்கு சந்தை வாசல்ல சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். ஜப்பான்காரன் உலகத்துக்குக் குடுத்ததுலயே அதிகமா வித்த வண்டி எது தெரியுமா? ரேஸ் வண்டி இல்ல. 1958-ல ஹோண்டா போட்ட சூப்பர் கப். நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில தட்டைத் தூக்கிக்கிட்டு இன்னொரு கையில ஓட்டுற மாதிரி இருக்கணும்னு நினைச்சு செஞ்சதுன்னு சொல்வாங்க. 2017-ல அது பத்துக் கோடி வண்டியைத் தொட்டுது. அந்தப் படுத்த இன்ஜின் வம்சத்துல வந்ததுதான் நம்ம சிடி 100-ம் ஸ்ப்ளெண்டரும். "டேய், அந்த இன்ஜினே உன்ன மாதிரி சாப்பாடு கொண்டு போற பையனுக்காகப் பொறந்ததுடா. நீ அதைத் தாத்தா வண்டிங்கற"ன்னேன். அவன் அப்ப பதில் சொல்லல.

"நாங்க பழசைக் காப்பாத்துறோம்ல?"ன்னு ஒரு வாதம் வரும். காப்பாத்துங்க, கும்பிட்டுக் கேட்டுக்கறேன். ஆனா கேரியரைப் புடுங்கிட்டு, சைலன்சரை அறுத்துட்டு, ஊர் மாடு கயித்தை அறுத்துக்கிட்டு ஓடற மாதிரி சத்தம் வச்சுட்டு அதைக் காப்பாத்துறதுன்னு சொல்லாதீங்க. காங்கேயம் காளையை போன்ல முகப்புப் படமா வச்சுக்கிட்டு, காலையில பாக்கெட் பால் வாங்குற மாதிரிதான் இது. மாட்டைக் காப்பாத்துறதுன்னா தீனி போடணும், சாணி அள்ளணும். வண்டியைக் காப்பாத்துறதுன்னா ஒரிஜினல் நம்பரோட, ஒரிஜினல் சைலன்சரோட, ஆயில் பம்பு வேலை செய்ய, வரி கட்டி வச்சிருக்கணும். அப்படி வச்சிருக்கிற ஆளுங்க ஒரு சிலர் இருக்காங்க. அவங்களுக்கு என் வணக்கம். இந்தக் கட்டுரை அவங்களுக்கு இல்ல.

இதுல ஒரு வேடிக்கை. யமஹா கம்பெனியோட பெரிய ஃபேக்டரி எங்க ஊருக்குக் கூப்பிடு தூரத்துல, ஒரகடம் பக்கம் வல்லம் வடகால்லயே 2015-லேர்ந்து ஓடுது. அதைத் தாண்டித்தான் உள்ளூருக்கு வந்து, செத்துப்போன ஆர்எக்ஸ் இருக்கான்னு தேடறீங்க.

தேடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி இந்த நாலைக் கேட்டுட்டு வாங்குங்க. எந்த ஓட்டத்துக்கு? சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஒரிஜினல் ஆர்சி புக்கோட ஒத்துப் போகுதா? பதிவு உயிரோட இருக்கா? பிரிச்சா சேர்த்துப் பூட்டத் தெரிஞ்ச மெக்கானிக் உங்க தெருவுல இருக்காரா? நாலுக்கும் பதில் இருந்தா, துண்டைப் போட்டு விலை பேசுங்க. எங்க ஊர்ப் பெரியவர்கிட்ட வாங்குறதா இருந்தா சந்தை விலையைச் சொல்லிட்டுப் பேசுங்க. பதினஞ்சாயிரத்தைக் கையில திணிக்காதீங்க.

மருமகன் போன வாரம் வந்தான். என் பழைய ஸ்ப்ளெண்டரைக் குடுத்தேன். ஆர்சி புக் ஒரிஜினல், போன வருஷம்தான் புதுப்பிச்சது. டேப்பெட் சத்தம் கொஞ்சம் வருதுன்னு போன்ல சொன்னான். வெள்ளிக்கிழமை வர்றேன், சந்தையில பழைய ஃபீலர் கேஜ் ஒண்ணு பாத்து வாங்கி நானே சரி பண்ணித் தர்றேன்னு சொல்லியிருக்கேன். அக்கா சீட்டுப் பணம் இன்னும் பேங்க்லயே இருக்கு.